டாக்டர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, மருந்து கம்பெனி கொடுத்த பணம்: இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முழுமையான வழிகாட்டி

மருந்து பற்றிய ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பகுதியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "கட்டுரையாளர்களுக்கு நலன் முரண் எதுவும் இல்லை." முடிவைச் சாய்க்கக்கூடிய பண உறவோ வேறு உறவோ இருப்பதுதான் நலன் முரண். அந்த வரியை எழுதிக் கொடுத்தவர் கட்டுரையாளரேதான். பெரும்பாலான ஜர்னல்கள் அதை அப்படியே அச்சிடுகின்றன. அது உண்மையா என்று வெளியில் இருந்து பார்க்கக்கூடிய நாடுகள் சில உண்டு. அவற்றில் மிக விரிவான பதிவேடு அமெரிக்காவுடையது. அங்கே எந்த மருந்து கம்பெனி, எந்த டாக்டருக்கு, எந்தத் தேதியில், எதற்காக, எவ்வளவு கொடுத்தது என்பதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

பத்திரிகையாளர்கள், மருத்துவ மாணவர்கள், புது மருந்தை நோயாளிக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன் அதன் ஆதாரத்தைச் சோதிக்க நினைக்கும் டாக்டர்கள், தங்கள் நோய்க்கான ஆய்வுகளைத் தாங்களே படிக்கும் நோயாளிகள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. வேலை கடினமானது இல்லை. ஆனால் அவசரப்பட்டால் நிரபராதி ஒருவரின் பெயர் கெடும். ஆகவே ஒவ்வொரு படியிலும் எங்கே தவறு நேரும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இந்தப் பதிவேடு ஏன் வந்தது

2008-ல் அமெரிக்க செனட்டர் சக் கிராஸ்லி ஒரு எளிய வேலையைச் செய்தார். பல்கலைக்கழகங்களிடம் டாக்டர்கள் எழுதிக் கொடுத்த வருமான விவரத்தைக் கேட்டு வாங்கினார். அதே டாக்டர்களுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கம்பெனிகளையும் கேட்டார். இரண்டும் பொருந்தவில்லை. எமரி பல்கலைக்கழக மனநலத் துறைத் தலைவர் சார்லஸ் நெமராஃப் 2000 முதல் 2007 வரை கம்பெனிகளிடம் பெற்றது சுமார் 28 லட்சம் டாலர். அதில் குறைந்தது 12 லட்சத்தைப் பல்கலைக்கழகத்திடம் சொல்லவில்லை. கிளாக்ஸோஸ்மித்க்ளைன் கம்பெனியிடம் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் வாங்க மாட்டேன் என்று 2004-ல் அவர் உறுதி கொடுத்திருந்தார். அதே ஆண்டு அந்தக் கம்பெனி கொடுத்தது சுமார் 1,70,000 டாலர். ஹார்வர்டின் ஜோசப் பீடர்மன் விஷயத்தில் தொகை 16 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி அறிவிக்கப்படவில்லை.

கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுப்பதை அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்று கிராஸ்லியும் இன்னொரு செனட்டரான ஹெர்ப் கோலும் கொண்டுவந்த 'சன்ஷைன்' சட்டம் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் ஒரு பிரிவாக நிறைவேறியது. 2013 ஆகஸ்ட் 1 முதல் கணக்குகள் திரட்டப்பட்டன. 2014 செப்டம்பர் 30 அன்று முதல் வெளியீடு வந்தது. 'ஓப்பன் பேமென்ட்ஸ்' என்பது தளத்தின் பெயர். முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் சி.எம்.எஸ். என்ற அரசு அமைப்பு இதை நடத்துகிறது. ஒவ்வொரு ஆண்டின் கணக்கும் அடுத்த ஆண்டு ஜூன் இறுதிக்குள் வெளியாகும்.

படி 1: கட்டுரையில் நான்கு இடங்களைப் படியுங்கள்

நலன் முரண் வரியை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முதலாவது, ஆய்வுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற பகுதி. இரண்டாவது, பணம் கொடுத்தவரின் பங்கு என்ன என்ற பகுதி. 'தி லான்செட்' இதை ஆய்வுமுறைப் பகுதியின் முடிவில் தனியாகப் போடும். கம்பெனியே ஆய்வை வடிவமைத்ததா, தரவை அலசியது கம்பெனி ஊழியர்களா, கட்டுரையை அனுப்பும் முடிவு யார் கையில் இருந்தது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். மூன்றாவது, நன்றியுரை. "எழுத்து உதவி", "ஆசிரிய உதவி" என்று ஒரு வரி இருந்தால், உதவியவர் எந்த நிறுவனம், அவருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவதுதான் நலன் முரண் அறிவிப்பு.

நன்றியுரைக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? பராக்ஸிட்டின் என்ற மனச்சோர்வு மருந்தை வளரிளம் பருவத்தினருக்குக் கொடுத்துப் பார்த்த 'ஸ்டடி 329' ஆய்வு 2001-ல் வெளிவந்தது. கட்டுரையாளர்களாக 22 பேர் பெயர் இருந்தது. முதல் வரைவை எழுதியதோ கம்பெனி அமர்த்திய மருத்துவ எழுத்தாளர். அச்சான கட்டுரையில் அவருக்கு "ஆசிரிய உதவி" என்று ஒரே வரியில் நன்றி. மருந்து பலன் தருகிறது, பொதுவாகப் பாதுகாப்பானது என்றது அந்தக் கட்டுரை. 2015-ல் வேறு குழு அதே மூலத் தரவை மறுபடி அலசி 'பி.எம்.ஜே.' மருத்துவ ஜர்னலில் வெளியிட்டது. பலன் இல்லை, தற்கொலை எண்ணம் உள்ளிட்ட கேடுகள் கூடியிருந்தன என்பது அதன் முடிவு.

இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' கட்டுரையில் அறிவிப்பு இடம்பெறாமல், "கட்டுரையாளர்கள் தந்த படிவங்கள் இணையப் பதிப்பில் உள்ளன" என்று மட்டும் இருக்கும். அதை "எதுவும் இல்லை" என்று படித்துவிடக் கூடாது. இணைப்பில் உள்ள பி.டி.எஃப். கோப்பை இறக்கி, கட்டுரையாளர் வாரியாகப் படிக்க வேண்டும். மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்திலும் 2017 முதல் நலன் முரண் அறிவிப்பு சுருக்கத்தின் கீழே தெரிகிறது. ஆனால் எல்லா ஜர்னல்களும் அதை அனுப்புவதில்லை. பப்மெட்டில் இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

படி 2: மருந்திலிருந்து கம்பெனிகளின் பட்டியல்

கட்டுரையில் பெரும்பாலும் மருந்தின் வேதிப்பெயர்தான் இருக்கும். பதிவேட்டிலோ பிராண்டு பெயரும் இருக்கும். ஆகவே ஒரு தாளில் வேதிப்பெயர், பிராண்டு, தயாரிப்பாளர், தாய் நிறுவனம், அமெரிக்கக் கிளையின் பெயர் என்று ஐந்தையும் எழுதுங்கள். ஜெனென்டெக் என்றால் ரோச். ஜான்சென் என்றால் ஜான்சன் அண்டு ஜான்சன். அமெரிக்காவில் 'மெர்க்' என்பது வேறு கம்பெனி, ஜெர்மனியின் 'மெர்க்' வேறு கம்பெனி. ஜெர்மன் மெர்க் அமெரிக்காவில் இ.எம்.டி. செரோனோ என்ற பெயரில் இருக்கும். அமெரிக்க மெர்க் வெளிநாடுகளில் எம்.எஸ்.டி. ஆகிவிடும். இதைக் குழப்பிக்கொண்டு ஒருவர் மேல் பழி போடுவது மிக எளிது.

போட்டி மருந்துகளின் தயாரிப்பாளர்களையும் பட்டியலில் சேருங்கள். ஒரு மருந்தைக் குறைத்துப் பேசும் கட்டுரையை எழுதியவர் போட்டிக் கம்பெனியிடம் பணம் வாங்கியிருந்தால், அதுவும் வாசகருக்குத் தெரிய வேண்டிய செய்திதான்.

படி 3: ஆள் இவர்தானா?

ஓப்பன் பேமென்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டால் ஒரே பெயரில் பலர் வருவார்கள். பெயரும் ஊரும் பொருந்தினால் போதாது. அமெரிக்க மருத்துவர் ஒவ்வொருவருக்கும் என்.பி.ஐ. என்ற பத்து இலக்க எண் உண்டு. அதற்கான அரசுத் தளத்தில் பெயர், மாநிலம், சிறப்புத் துறை போட்டுத் தேடினால் எண் கிடைக்கும். அங்கே உள்ள பணியிட முகவரியையும் கட்டுரையில் உள்ள மருத்துவமனையையும் ஒப்பிடுங்கள். பிறகு ஓப்பன் பேமென்ட்ஸ் பக்கத்தின் முகவரி, துறை இவற்றோடும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் அடுத்த படி.

தமிழ்ப் பெயர்களில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். தந்தை பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டவர், இனிஷியலை விரித்தவர், திருமணத்துக்குப் பின் மாற்றியவர் என்று ஒரே ஆள் பப்மெட்டில் ஒரு விதமாகவும் உரிமப் பதிவில் இன்னொரு விதமாகவும் இருப்பார். முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் இடம் மாற்றிப் போட்டு ஒருமுறை தேடிவிடுங்கள்.

ஆள் உறுதியானதும், அவருக்குத் தளம் கொடுத்திருக்கும் சுயவிவர எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எல்லாத் தேடலும் அந்த எண்ணை வைத்துத்தான்.

படி 4: பதிவேட்டின் வரிகளைப் படிப்பது

சுயவிவரப் பக்கம் திறந்ததும் ஒரு பெரிய மொத்தத் தொகை கண்ணில் படும். அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிக மோசமான தவறு. அந்தத் தொகைக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

பொதுத் தொகை: ஆலோசனைக் கட்டணம், பேச்சாளர் கட்டணம், சாப்பாடு, பயணம், தங்குமிடம், ராயல்டி போன்றவை. இதில் பெரும்பகுதி டாக்டருக்கே போய்ச் சேரும்.

ஆராய்ச்சித் தொகை: மருந்து சோதனை நடத்த மருத்துவமனைக்குக் கொடுத்த பணம். செவிலியர் சம்பளம், ஸ்கேன் செலவு, ஆவண வேலை எல்லாம் இதில் அடங்கும். டாக்டர் முதன்மை ஆய்வாளராக இருந்தால் அவர் பக்கத்தில் 'இணைந்த ஆராய்ச்சி நிதி' என்று காட்டும். பத்து லட்சம் டாலர் என்று இருந்தாலும் அதில் ஒரு டாலர்கூட அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்பதில்லை. இதுவும் அறிவிக்க வேண்டிய உறவுதான். ஆனால் இதை "டாக்டர் வாங்கிய பணம்" என்று எழுதினால் அது பொய்.

உரிமைப் பங்கு: கம்பெனியில் அவருக்கோ நெருங்கிய குடும்பத்தாருக்கோ உள்ள பங்கு. பங்குச் சந்தையில் பொதுவாக வாங்கி விற்கும் பங்குகள் இதில் வராது.

இனி ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். தரவைத் தரவிறக்கினால் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு வரி இருக்கும். தொகை 4,500 டாலர், தேதி மார்ச் 7, வடிவம் 'ரொக்கம் அல்லது அதற்கு இணையானது', காரணம் 'ஆலோசனை அல்லாத சேவை, பேச்சாளர் உட்பட', அருகில் ஒரு மருந்தின் பெயர் என்று வைத்துக்கொள்வோம். இது பெரும்பாலும் கம்பெனி நடத்திய கூட்டத்தில், கம்பெனி தயாரித்த ஸ்லைடுகளை வைத்து, சக டாக்டர்கள் முன் அந்த மருந்தைப் பற்றிப் பேசியதற்கான கட்டணம். இப்படிப்பட்ட கூட்டங்கள் குறித்துத்தான் அமெரிக்க அரசு நோவார்ட்டிஸ் மேல் வழக்குத் தொடர்ந்தது. 2020-ல் 67.8 கோடி டாலருக்கு அது முடிவுக்கு வந்தது. பல வரிகளில் ஒரே மருந்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அந்த வரிகளை மட்டும் தனியாக வடிகட்டிக் கூட்டுங்கள். மொத்தத் தொகையைவிட அந்தக் கூட்டல் அதிகம் பேசும்.

கோப்பின் வேறு சில பத்திகளையும் (column) விடக் கூடாது. 'மூன்றாம் நபருக்குக் கொடுக்கப்பட்டது' என்று குறித்திருந்தால் பணம் டாக்டரின் சார்பில் வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. 'தர்மத்துக்கு' என்று குறித்திருந்தால் அறக்கொடை. 'சர்ச்சைக்குரியது' என்று இருந்தால், டாக்டர் அந்தத் தொகையை ஏற்கவில்லை, கம்பெனியோடு பேச்சு முடியவில்லை என்று பொருள். அந்த வரியை வைத்து எதையும் எழுதாதீர்கள். 'விளக்கக் குறிப்பு' என்ற பத்தியைப் பெரும்பாலோர் திறந்தே பார்ப்பதில்லை. காலியாக இல்லாதபோது விஷயத்தின் திறவுகோல் அங்கேதான் இருக்கும்.

தரவைக் கையாள்வதில் இரண்டு பொறிகள். முதலாவது, ஓர் ஆண்டின் பொதுத் தொகைக் கோப்பில் பெரும்பாலும் ஒரு கோடிக்கு மேல் வரிகள் இருக்கும். எக்செல் 10,48,576 வரிகளோடு நின்றுவிடும். மீதி வெட்டுப்பட்டதை நீங்கள் கவனிக்காமல் போகலாம். தளத்திலேயே சுயவிவர எண்ணைக் கொண்டு வடிகட்டி, அந்த ஒருவரின் வரிகளை மட்டும் இறக்குங்கள். முழுக் கோப்பே வேண்டுமென்றால் எஸ்.க்யூ.எல். அல்லது பைத்தான் பயன்படுத்துங்கள். இரண்டாவது பொறி தேதி. கோப்பில் மாதம் முன்னாலும் நாள் பின்னாலும் இருக்கும். இந்திய அமைப்பில் உள்ள கணினியில் திறந்தால் மார்ச் 7 என்பது ஜூலை 3 ஆகிவிடும். 12-க்கு மேல் உள்ள நாட்கள் மட்டும் வெறும் எழுத்தாக நின்றுபோகும். பத்தியைத் தேதியாக மாற்றாமல் எழுத்தாகவே இறக்கி, பிறகு மாதம், நாள், ஆண்டு என்று பிரித்துக்கொள்வது பாதுகாப்பு.

பழைய ஆண்டுகளின் கணக்கு தேடல் பக்கத்தில் வராது. காப்பகக் கோப்பாகத் தனியே இருக்கும். 2014 கட்டுரை ஒன்றைச் சோதிக்கும்போது தேடலில் ஒன்றும் வரவில்லை என்றால் காப்பகத்தைப் பாருங்கள்.

படி 5: காலக்கணக்கு

மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ. தரும் படிவத்தைத்தான் முன்னணி ஜர்னல்கள் பல பயன்படுத்துகின்றன. அதில் 13 கேள்விகள். முதல் கேள்வி இந்தக் கட்டுரைக்கே கிடைத்த உதவி. அதற்குக் கால வரம்பு இல்லை. மீதிக்குக் கடந்த 36 மாதங்கள்: மானியம், ராயல்டி, ஆலோசனை, பேச்சுக் கட்டணம், நீதிமன்றச் சாட்சியம், பயணம், காப்புரிமை, சோதனைப் பாதுகாப்புக் குழு உறுப்பினர் பதவி, பங்கு, கருவி அல்லது மருந்தாகக் கிடைத்த உதவி என்று போகும்.

36 மாதத்தை எதிலிருந்து பின்னோக்கி எண்ணுவது? படிவத்தில் கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து. படிவம் கிடைக்காவிட்டால் கட்டுரை ஜர்னலுக்குப் போய்ச் சேர்ந்த தேதியை எடுங்கள். பல ஜர்னல்கள் அதை அச்சிடுகின்றன. வெளியான தேதியை வைத்து எண்ணினால், கட்டுரை அனுப்பிய பிறகு வந்த பணத்தையும் "மறைத்த" கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். எல்லையில் இரண்டு மூன்று மாதம் இப்படியும் அப்படியும் இருக்கும் தொகைகளை விட்டுவிடுங்கள். மீதி இருப்பதே போதுமானதாக இருந்தால்தான் விஷயம் வலுவானது.

படி 6: ஒப்பீடு

ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் கட்டுரையில் அறிவித்த கம்பெனிகள். வலப்பக்கம் பதிவேட்டில் உள்ள கம்பெனிகள், ஒவ்வொன்றுக்கும் வகை, தொகை, முதல் தேதி, கடைசித் தேதி, மருந்தின் பெயர். ஒரு கட்டுரையில் நின்றுவிடாமல், அதே டாக்டர் அதே ஆண்டில் எழுதிய வேறு கட்டுரைகளின் அறிவிப்புகளையும் சேருங்கள். ஒரு ஜர்னலில் ஆறு கம்பெனிகளைச் சொன்னவர் அடுத்த மாதம் இன்னொரு ஜர்னலில் "எதுவும் இல்லை" என்றால், பதிவேடு இல்லாமலேயே முரண் தெரிந்துவிடும்.

இந்த முறையில் வெளிவந்த பெரிய செய்தி ஹோசே பசெல்காவுடையது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையின் தலைமை மருத்துவ அதிகாரி அவர். மார்பகப் புற்றுநோய் ஆய்வில் உலகப் பெயர். 2018 செப்டம்பரில் 'தி நியூயார்க் டைம்ஸ்', 'புரோபப்ளிகா' இரண்டும் சேர்ந்து அவருடைய 2013-க்குப் பிந்தைய சுமார் 180 கட்டுரைகளைப் பதிவேட்டோடு ஒப்பிட்டன. நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் கம்பெனி உறவு எதுவுமே சொல்லப்படவில்லை. பதிவேட்டில் 2013 ஆகஸ்ட் முதல் 2017 வரை ஒன்பது கம்பெனிகளிடமிருந்து சுமார் 35 லட்சம் டாலர். ரோச் கம்பெனியின் இரண்டு சோதனைகளைப் பலரும் ஏமாற்றம் என்று பார்த்தபோது, ரோச்சுடன் தனக்குள்ள உறவைச் சொல்லாமல் அவர் மேடையில் அவற்றைச் சாதகமாகப் பேசியதும் அந்தச் செய்தியில் வந்தது. சில நாட்களில் பதவி விலகினார்.

இந்த வழக்கை மொத்தத் தொகையைத் தாண்டிப் படிக்க வேண்டும். ரோச்சிடமிருந்து வந்த 30 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் ஆலோசனைக் கட்டணமும் உண்டு. அவருக்குப் பங்கு இருந்த ஒரு சிறு கம்பெனியை ரோச் வாங்கியபோது கிடைத்த பணமும் உண்டு. கம்பெனி கைமாறும்போது கிடைக்கும் பணத்துக்கு அப்போது பதிவேட்டில் தனி வகை இல்லை. 2021 கணக்கிலிருந்துதான் வந்தது. அறிவிக்காதது வேண்டுமென்றே செய்ததில்லை என்றார் பசெல்கா. சில கட்டுரைகளின் பொருளுக்கும் பணத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை என்றும் சொன்னார். அந்த வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. தொடர்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்வது வாசகரின் வேலை. அதற்காகத்தான் படிவம் விரிவாகக் கேட்கிறது. ஆனாலும் அவர் தரப்பைச் செய்தியில் சேர்த்தது சரியான முறை. நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

படி 7: எதைப் பெரிதாக எடுப்பது

எங்கள் தராசில் மிகவும் கனமானது, ஆய்வு செய்யப்பட்ட அதே மருந்துக்காகத் தனிப்பட்ட முறையில் வாங்கிய பேச்சுக் கட்டணமும் ஆலோசனைக் கட்டணமும், அதோடு மருந்து விற்றால் கூடும் ராயல்டியும் பங்கும். அடுத்தது, அதே கம்பெனியிடம் வேறு மருந்துக்காக வாங்கியது. ஆராய்ச்சித் தொகை அதற்கும் கீழே. சாப்பாட்டுத் தொகை சிறிதாகத் தெரியும், ஆனால் அற்பமானது என்று தள்ள முடியாது. 2016-ல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு சாப்பாடு வாங்கிய டாக்டர்கள்கூட அந்த பிராண்டை மற்றவர்களைவிட அதிகமாக நோயாளிகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். எது காரணம், எது விளைவு என்பதை அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஏற்கெனவே அந்த மருந்தை விரும்பியவரைத்தான் கம்பெனி சாப்பிட அழைத்தது என்றும் இருக்கலாம்.

கட்டுரை எழுதுவோரைப் பற்றிய ஆதாரம் இதைவிட நேரடியானது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் கால்சியம் தடுப்பு மருந்துகள் பாதுகாப்பானவையா என்ற விவாதம் நடந்தபோது, 1998-ல் வந்த ஓர் ஆய்வு கட்டுரையாளர்களைப் பிரித்துப் பார்த்தது. மருந்தை ஆதரித்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு அதைத் தயாரித்த கம்பெனிகளோடு பண உறவு இருந்தது. நடுநிலையாக எழுதியவர்களில் 60 சதவீதம். குறை சொன்னவர்களில் 37 சதவீதம். பல ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பு, கம்பெனி பணத்தில் நடந்த ஆய்வுகளின் முடிவுரை கம்பெனிக்குச் சாதகமாக இருக்கும் வாய்ப்பு 1.34 மடங்கு என்று கணக்கிட்டது.

ஆனால் பண உறவு இருப்பதாலேயே முடிவு தவறு ஆகிவிடாது. உறவு தெரிந்ததும் ஆய்வையே திறந்து பாருங்கள். சோதனைப் பதிவுத் தளத்தில் முதலில் எழுதிய முதன்மை அளவீடும் கட்டுரையில் உள்ளதும் ஒன்றா? ஒப்பிட்ட மருந்துக்குச் சரியான டோஸ் கொடுத்தார்களா, குறைத்தார்களா? பக்கவிளைவு எண்கள் அட்டவணையில் இருக்கின்றனவா, சொற்களில் கரைந்துவிட்டனவா? பணம் வழி காட்டும். தவறு இருக்கிறதா என்பதை ஆய்வின் உடலில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பதிவேட்டில் வராதவை

"ஓப்பன் பேமென்ட்ஸில் பெயர் இல்லை, ஆகவே பணம் வாங்கவில்லை" என்று எழுதவே கூடாது. மருத்துவர் பட்டம் இல்லாத பி.எச்டி. ஆய்வாளர்கள், புள்ளியியலாளர்கள் அதில் இல்லை. பயிற்சியில் இருக்கும் ரெசிடென்ட் டாக்டர்கள் இல்லை. நர்ஸ் பிராக்டிஷனர் போன்றவர்கள் 2021 கணக்கிலிருந்துதான் வந்தார்கள். மாதிரி மருந்துகள் சேராது. சிறு தொகைகளுக்கு வரம்பு உண்டு: ஆரம்பத்தில் ஒரு தடவைக்கு 10 டாலர், ஆண்டுக்கு 100 டாலர், பிறகு விலைவாசிக்கேற்ப ஏறி வருகிறது. புது மருந்தின் ஆராய்ச்சித் தொகையை நான்கு ஆண்டுகள்வரை வெளியிடாமல் தள்ளிவைக்கவும் இடமுண்டு. அமெரிக்க உரிமம் இல்லாத வெளிநாட்டு டாக்டர்கள் வரமாட்டார்கள்.

கட்டுரையாளர் பெரிய கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருக்கிறாரா என்று அறிய, அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் அந்தக் கம்பெனி ஆண்டுப் பங்குதாரர் கூட்டத்துக்காகத் தரும் அறிக்கையை (proxy statement) திறங்கள். ஒவ்வொரு இயக்குநரும் வாங்கியது பெயரோடு இருக்கும். ஐரோப்பாவில் இதே போன்ற பதிவேடாக பிரான்ஸின் 'டிரான்ஸ்பரான்ஸ் சாந்தே' உண்டு. இதய வால்வைக் கெடுத்த மெடியேட்டர் மருந்து விவகாரத்துக்குப் பிறகு 2011 டிசம்பர் சட்டத்தில் பிறந்தது அது. பிரிட்டனின் 'டிஸ்க்ளோஷர் யு.கே.' 2016-ல் வந்தது. டாக்டர் சம்மதிக்காவிட்டால் பெயர் வராமல் போகலாம் என்பது அதன் பெரிய ஓட்டை.

படி 8: எழுதிக் கேட்பது

முரண் தெரிந்ததும் முதல் கடிதம் கட்டுரையாளருக்கு. தொகை, தேதி, கம்பெனி, பதிவேட்டு வரியின் எண் இவற்றைக் கொடுத்து, "இது சரியா, அறிவிப்பில் இல்லாததற்குக் காரணம் உண்டா?" என்று மட்டும் கேளுங்கள். "மறைத்தீர்கள்" என்ற சொல் வேண்டாம். பத்து வேலை நாள் அவகாசம் நியாயமானது. பல நேரம் பதில் எளிமையாக இருக்கும்: மற்றொரு கட்டுரையாளர் படிவத்தைச் சேர்க்க மறந்திருப்பார், அல்லது ஜர்னல் சுருக்கியிருக்கும்.

அடுத்த கடிதம் ஜர்னல் ஆசிரியருக்கு. வெளிவந்த கட்டுரையில் அறிவிக்காத நலன் முரண் பற்றிப் புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பதிப்பு நெறிக் குழுவான 'கோப்' ஒரு செயல்முறை வைத்திருக்கிறது. ஜர்னல் அந்தக் குழுவின் உறுப்பினரா என்று பார்த்து, அந்தச் செயல்முறையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பெரும்பாலும் கிடைப்பது ஒரு திருத்தக் குறிப்பு. ஆய்வுக்கு அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். நிதி இருந்தால் மூன்றாவது வழியும் உண்டு. 2012 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஆய்வாளருக்கு ஒரு நிறுவனத்திடம் 5,000 டாலருக்கு மேல் நலன் இருந்து, அது ஆய்வோடு மோதுகிறது என்று பல்கலைக்கழகம் முடிவு செய்திருந்தால், அந்த விவரத்தை இணையத்தில் போட வேண்டும் அல்லது கேட்டவருக்கு ஐந்து வேலை நாளில் தர வேண்டும். எழுத்து மூலம் கேளுங்கள்.

கட்டுரை இந்தியாவிலிருந்து வந்தால்

டாக்டர் பெயர் போட்டுத் தேடும் பொதுப் பதிவேடு இந்தியாவில் இல்லை. தடைகள் உண்டு, வெளிச்சம் இல்லை என்பதுதான் நிலைமை. 2009 டிசம்பரில் மருத்துவ கவுன்சில் பரிசு, பயணம், விருந்தோம்பல், ரொக்கம் எல்லாவற்றையும் டாக்டர்களுக்குத் தடைசெய்தது. சென்னையின் அபெக்ஸ் லேபரட்டரீஸ், ஜிங்கோவிட் என்ற சத்து மாத்திரையின் விற்பனைக்காக டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களை வருமான வரியில் செலவாகக் கழிக்கக் கேட்டது. தொகை சுமார் 4.72 கோடி ரூபாய். 2022 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் வந்த, மருந்து விற்பனை முறைகளுக்கான யு.சி.பி.எம்.பி. விதிகளும் பரிசையும் பயணத்தையும் தடுக்கின்றன. கருத்தரங்கில் பேச்சாளராகப் போகிறவருக்கு மட்டும் பயணத்தில் விலக்கு. இவை எதுவும் ஒரு கட்டுரையாளரின் கணக்கை உங்கள் கையில் தராது.

கையில் இருக்கும் பொதுப் பதிவு, இந்தியாவில் நடக்கும் மருந்து சோதனைகளைப் பதியும் சி.டி.ஆர்.ஐ. மட்டுமே. 2007-ல் தொடங்கிய இந்தப் பதிவில் 2009 ஜூன் முதல் மருந்து சோதனைகள் கட்டாயம் பதியப்பட வேண்டும். சோதனைப் பக்கத்தில் முதன்மை ஆதரவாளர், பண அல்லது பொருள் உதவியின் மூலம், ஒவ்வொரு மையத்தின் ஆய்வாளர் பெயர் ஆகியவை இருக்கும். இவற்றைக் கட்டுரையின் அறிவிப்போடு ஒப்பிடலாம். ஆய்வாளருக்குக் கொடுக்கும் கட்டண விவரம் 2019 மருந்து சோதனை விதிகளின்படி அரசின் அனுமதி அதிகாரியிடம் போகிறது. பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. இந்திய டாக்டர் பன்னாட்டுக் கட்டுரையில் இணைந்து எழுதியிருந்தால், அவருடைய ஐ.சி.எம்.ஜே.இ. படிவம் ஜர்னல் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். அதை அவர் இந்திய ஜர்னல்களில் எழுதியவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்களே கட்டுரை எழுதும் டாக்டர் என்றால்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து தேதி, கம்பெனி, காரணம், தொகை, மருந்து என்று பணம் வரும் அன்றே எழுதிவையுங்கள். கட்டுரை அனுப்பும் நாளில் கடந்த 36 மாதங்களை வடிகட்டி, அப்படியே படிவத்தில் போடுங்கள். தொடர்பு உண்டா என்று தயங்கும் இடங்களில் எழுதிவிடுங்கள். அமெரிக்காவில் பணிபுரிபவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை. ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 1 முதல் மே 15 வரை 45 நாட்கள், உங்கள் பெயரில் கம்பெனிகள் பதிந்த தொகைகளை வெளியிடும் முன் நீங்கள் பார்த்து மறுக்கலாம். அதற்குப் பின் கம்பெனி திருத்த இன்னும் 15 நாள் தரப்படும். நீங்கள் போகாத விருந்து, வாங்காத கட்டணம் பதிவாகியிருந்தால், அந்த ஆண்டு வெளியீட்டுக்கு முன் அதைச் சரிசெய்ய இதுவே நேரம்.